காப்புக் கட்டும் மட்டும் சொல்லாதை

"ஹலோ... ஓம், ஓம், சோமசேகரம்தான்... ஆர், கேதீஸோ?... பொறு. டேய், பொறு! ஆசுப்பத்திரியிலை இருந்தெல்லே எடுக்கிறாய்?... அப்ப வாயைத் திறவாதை!"

ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலில் கொடியேற இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. பட்டு வேட்டியும் திருநீறுமாக வாசலில் நின்ற சோமசேகரம் கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். தம்பி மகனுக்குப் பிள்ளை பிறந்த செய்தி காதில் விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அந்தத் தீட்டோடு கோயில் வாசல் மிதிக்க முடியாது. விழாவிட்டால் துடக்கில்லை. அவருடைய ஆசாரம் முழுவதும் அந்த ஒரு காதில்தான் நின்றது.

"விளங்குதோ? அஞ்சு மணிக்கு ஐயர் என்ரை கையிலை காப்புக் கட்டுவார். கட்டினாப் பிறகு பத்துப் பிள்ளை பிறந்தாலும் என்னைத் துடக்குத் தொடாது... என்ன அவசரம்? பெத்த பிள்ளை எங்கை ஓடப்போகுது?... ஐயோ, பெத்தது எண்டு நான் சொல்லேல்லை! நீயும் ஓம் எண்டு சொல்லிப்போடாதை!

...என்னது, ரத்தமோ?... வேண்டாம், ஆருக்கெண்டு சொல்லாதை... ஓம், என்ரை ஓ நெகடிவ்தான்... ஓம், ஓம், போன வருசமும் குடுத்தனான், பேப்பரிலை படம் வந்தது... அது கோயில் ரத்ததானமடா. உது வேறை.

வாறன், வாறன். வராமல் விடுவனே? காப்பைக் கட்டின உடனை... சீச்சீ, கட்டினாப் பிறகு என்னெண்டு வாறது? கொடி இறங்குமட்டும் பத்து நாள் ஊர் எல்லை தாண்டேலாது... டொக்டரிட்டைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லன்... டேய், ஆரைப் பாத்துக் கத்துறாய்? நான் உன்ரை கொப்பருக்கு மூத்தவன்!

...ஹலோ... அழாதை தம்பி. நானென்ன கல்லே? இருபத்தேழு வருசமா எங்கடை குடும்பத்தின்ரை காப்படா. நான் விலகினால் அடுத்த பகுதிக் குடும்பம் பூந்திடும்..."

அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு பதறியது. காப்புக் கைநழுவிவிடுமோ என்று அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பதறியது.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி பக்திப் பாட்டை நிறுத்திவிட்டுக் கரகரத்தது. ஓ நெகடிவ் இரத்தம் அவசரம் என்றது. சோமசேகரத்தின் தம்பி மகன் கேதீஸ்வரனின் மனைவி நிவேதனா, பிள்ளை பெற்ற இடத்தில் இரத்தம் நிற்காமல் கிடக்கிறாள் என்றது. கேளாதவர்களுக்காக இன்னொரு தரமும் சொன்னது.

"டேய்... ஸ்பீக்கர்காரனுக்கு நீயோ சொன்னனீ?"

தட்டும் காப்புக் கயிறுமாக வந்துகொண்டிருந்த ஐயர் பாதி வழியில் நின்றார். அடுத்த பகுதிக்காரர் ஒருவர், யாரும் கூப்பிடாமலே, சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். சோமசேகரம் வெளி வீதிக்கு இறங்கினார்.

"சரி, கேட்டாச்சு. வாறன், மோட்டச்சைக்கிளை எடுக்கிறன்... என்ன, வேண்டாமோ?... ஆர்?... மீன் கொண்டுவாற குருநகர் டானியலோ? மீன்பெட்டியைக் கேற்றடியிலை போட்டிட்டு ஓடி வந்தவனோ?... அவன்ரை ரத்தம் எடுக்கத் தொடங்கியாச்சோ?... நல்லது, நல்லது. அவங்களுக்குத் துடக்கு ஒண்டும் இல்லைத்தானே... இல்லை, இல்லை, நான் பிழையாச் சொல்லேல்லை... நிவேதனா தப்பீடுவாளாமோ?... அப்பாடா, என்ரை பிள்ளையாரே!"

நிழலில் நின்று முகத்தைத் துடைத்தார். பிறகு கைபேசியைக் காதோடு ஒட்ட வைத்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி... பிள்ளை என்ன பிள்ளையடா?... ஆம்பிளையோ, பொம்பிளையோ?... ஹலோ?... இனிச் சொல்லலாமடா, கேதீஸ்... ஹலோ?... ஹலோ?"