வெள்ளிக்கிழமை மூடிய யன்னல்

டிராமில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கொட்டாஞ்சேனைக் கோவிலைத் தாண்டும்போது நான் போடுகிற சிலுவை அடையாளம் அவ்வளவு தாராளமானது. ஒருமுறை புறக்கோட்டை வியாபாரி ஒருவரின் துருக்கித் தொப்பி தெருவிலேயே போய் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஸாலிஹ் ஐயா, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். தேநீரும் வரவழைத்துக் கொடுத்தீர்கள், நன்றி. உங்கள் மார்க்கம் வேறு என்பதால் சில விஷயங்களை விளக்கமாகவே எழுதுகிறேன்.

விசுவாசத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைப்பது எனக்குப் பிடிக்காது. திரு இருதயப் படத்தைத் தெருவைப் பார்த்தபடிதான் மாட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி தொடக்கூடாது, மீன் பரவாயில்லை. அன்றைக்குக் குசினி யன்னலை விரியத் திறந்து வைத்துக் கருவாடு பொரிக்கச் சொல்வேன். எங்கள் ஒழுங்கையில் தெருக்கோடி வரை மணக்கும். இந்தப் பேர்ணடெற் வீட்டு மணத்தை வைத்தே மாட்டுவண்டிக்காரன் கிழமை சொல்லுவான்.

ஒரே குறை, வெள்ளையம்மா. பதினொரு வருடம் என் குசினியில் சமைத்தவள், ஜிந்துப்பிட்டி முருகனை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதம் இருந்துகொண்டே எனக்குக் கருவாடு பொரித்துத் தருவாள், பாவம். பக்கத்து வீட்டு ஐறீன் மாதா சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

“பேர்ணடெற் அக்கா, ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டுறீங்கள். உங்கட குசினிக்குள்ள இன்னும் இருட்டாத்தானே கிடக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சுட்டது. சுடவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அரசருக்கு முடிசூட்டிய மாதத்தில் வெள்ளையம்மாவுக்கு டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் என் சொந்தக் கட்டிலிலேயே படுக்க வைத்தேன். காய்ச்சலின் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை, டொக்டர் நாகேந்திரம் கையை விரித்தார். “இண்டைக்குப் பின்னேரம் தாண்டாது” என்றார்.

சாகக் கிடக்கிறவருக்கு, கோவில் குருவான சுவாமி வரும்வரை பொறுக்க முடியாவிட்டால், எங்களில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் சில வார்த்தைகளும் போதும். அந்தத் தண்ணீரோடு பாவமெல்லாம் கழுவப்பட்டுவிடும். அப்படியே இறந்தால் நேரே மோட்சம். “சம்மதமோ?” என்று கேட்டேன். தலை அசைந்தது. காய்ச்சலில் அது காலையிலிருந்தே அசைந்துகொண்டுதான் இருந்தது. மூன்று முறை தண்ணீர் ஊற்றி, மரியா என்று பெயர் வைத்தேன்.

மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். ஐறீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சபைப் பெண்கள் ஊர்வலத்தில் அணிய மாதாவின் நீல நாடா வாங்கினார்கள், வெள்ளைச் சவப்பெட்டிக்கு அளவு கொடுத்தார்கள். சுவாமி பிரசங்கத்தில் இதைச் சொல்வதாகச் சொன்னார். அவ்வளவு சந்தோசமான நாள் என் வாழ்க்கையில் வேறில்லை, கலியாண நாள் உட்பட.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளையம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

டொக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். “இனிப் பயமில்லை. ஆனா பத்து நாளைக்குப் பார்லித் தண்ணி மட்டும்தான். குடல் புண்ணாக் கிடக்கு. சோறு கொஞ்சம் போனாலும் ஓட்டை விழுந்து ஆள் முடிஞ்சிடும்.” இதை அவர் வாசலில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

அவர் போனதும் வெள்ளையம்மா என் கையைப் பிடித்தாள். “அம்மா, நீங்க தலையில தண்ணி ஊத்துனீங்களே, அப்பதான் சூடு எறங்குச்சு. முருகன்தான் உங்க கையில வந்து ஊத்தியிருக்கான். எந்திரிச்சதும் அவன் கோயில்ல மொட்டை போடணும்மா.”

மூன்று நாள் வயதான ஆன்மா, ஐயா. வண்ணான் வெளுத்து மடித்துக் கொண்டுவந்த துணி மாதிரி, ஒரு கறை இல்லை. எழுந்து நடந்தால் அது எங்கே போகும்? வெள்ளைப் பெட்டியும் தயார்.

“பசிக்குதும்மா, சோறு இருக்கா?” என்று அவளே கேட்டாள். பசித்தவருக்கு உணவு கொடுப்பது எங்கள் இரக்கச் செயல்களில் முதலாவது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்காக நான் சமைத்தேன். சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, அப்பளம். அவளுடைய வெள்ளிக்கிழமையை மதித்து மரக்கறிதான். அதனால் கருவாடு இல்லை. நோயாளிக்குக் காற்றுப் படக்கூடாதென்று குசினி யன்னலையும் மூடினேன். “நீங்க சமைச்சு நான் சாப்பிடுறதா” என்று கண் கலங்கினாள். இரண்டாம் தரமும் போட்டேன்.

மூடிய யன்னல்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. வெள்ளிக்கிழமை கருவாடு மணக்கவில்லை, யன்னலும் அடைத்திருக்கிறது, ஒளித்து இறைச்சி காய்ச்சுகிறேன் என்று ஐறீன் நினைத்துவிட்டாள். பின்வாசலால் வந்து சட்டிகளைத் திறந்து பார்த்தாள். வெள்ளையம்மா கையில் இருந்த சோற்றுக் கோப்பையையும் பார்த்தாள்.

“அட, மரக்கறிதானே! நான் வேற நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா.”

நிம்மதியாகப் போய்விட்டாள். சனிக்கிழமை வெள்ளையம்மாவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஞாயிறு பூசை மணி அடிக்கும்போது முடிந்தது. திங்கட்கிழமை ஊர்வலத்தில் நீல நாடாப் பெண்கள் நாற்பது பேர் வந்தார்கள். யார் சோறு கொடுத்தது என்று டொக்டர் கேட்டபோது ஐறீன்தான் கள்ளமில்லாமல் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

நீங்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கொலை. நான் மறுக்கவில்லை. சோறு கொடுத்தால் இறப்பாள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவளுடைய ஆன்மாவுக்காகக் கொடுத்தேன், வேறெதற்கும் இல்லை.

சுவாமி பிரசங்கத்துக்காக அவளுடைய கடைசி வார்த்தையைக் கேட்டார். “மாதாவே” என்றாள் என்று சொன்னேன். கோவிலில் அழாதவர்கள் இல்லை. உண்மையில் அவள் சொன்னது, “முருகா, எங்கம்மாவ நல்லா வச்சிரு.” பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆகவே இந்தக் கடைசிப் பந்தி வரிகளை மட்டும் கிழித்துவிடுங்கள், ஐயா. மற்றதை யார் வாசித்தாலும் பரவாயில்லை.