கடைசி இடத்துக் கதைக்காக வாதாடிய பல் டாக்டர் அம்மா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வக்கீல் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம் பல் டாக்டர் அம்மாவின் அருமை மகளே! அம்மாவிடம் பல்லைப் பறிகொடுத்தும் பாசத்தைப் பறிகொடுக்காமல் வந்திருக்கும் பெரியோர்களே! ஞாயிறு மதியம் தோறும் கிளினிக் சோபாவில் இடம் பிடிக்க அடித்துக்கொண்ட எங்கள் மன்றத்து நண்பர்களே! வணக்கம் சொல்லத்தான் எழுந்தேன். என் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். பல் டாக்டர் அம்மாவுக்கு முதல் கண்ணாடி போட்டவன் நான். வருடா வருடம் அதன் கனத்தைக் கூட்டிக்கொண்டே போனவனும் நான். ஒருநாள் அவர் கடைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கண்ணாடிக்காரரே, இதுக்கு மேல கனமா உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். "சரி, இனிமே உங்களுக்கு எங்கிட்ட வியாபாரம் இல்ல, ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தாப் போதும்" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று அழுதவர் யார் தெரியுமா? அவர் அல்ல, நான்!

எங்கள் மன்றம் என்ன மன்றம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். நாட்டைத் திருத்தும் மன்றமா? இல்லை. நாங்கள் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பைத்தியங்கள். அதன் நாயகர் ஒரு துப்பறிவாளர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு பூனை மாதிரி நடந்து துப்புத் துலக்குவார். அதனால் எங்களுக்கு அவர் காலுறைக்காரர். அந்தத் தொடரை முதல் கதையிலிருந்து கடைசிக் கதை வரை பார்ப்போம். ஒவ்வொரு கதைக்கும் சண்டை போடுவோம். சுற்று முடிந்ததும் ஓட்டுப் போட்டு, எது முதல், எது கடைசி என்று கிளினிக் சுவரில் பல் படத்துக்குப் பக்கத்திலுள்ள பலகையில் எழுதுவோம். அப்புறம்? மறுபடி முதலிலிருந்து பார்ப்போம்! இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் எங்கள் பொதுச்சேவை. சிரிக்காதீர்கள், அம்மா இதைச் சேவை என்றுதான் சொல்வார்.

முதலிடம் மாறும், நடுவில் எல்லாம் மாறும். கடைசி இடம் மட்டும் மாறியதே இல்லை. 'மாடிவீடு' என்ற கதை அங்கேயே கிடந்தது. ஏன்? சொல்கிறேன். ஒரு பெரிய மனிதர் தன் வீட்டிலேயே கொலையாகிறார். வீட்டில் மிச்சமிருப்பது இருவர்தான். கீழே மனைவி, மாடியில் நடக்க முடியாமல் படுக்கையோடு கிடக்கும் அண்ணன். முடிவில் காலுறைக்காரர் மாடி ஏறிப் போய், அந்த அண்ணனைப் பார்த்து, "எழுந்திருங்க. உங்களால நடக்க முடியும்னு எனக்குத் தெரியும்" என்பார். எப்படித் தெரியும்? துப்பு எங்கே? கதையில் துப்பே இல்லை! எழுதியவர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று மன்றமே கொதித்தது. துப்பறியும் கதையில் அதைவிடப் பெரிய குற்றம் உண்டா?

ஆனால் ஒன்று. எங்களுக்கு உயிரான வசனம் அதே கதையில்தான் வருகிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மனைவியை விசாரிக்கும்போது காலுறைக்காரர் சொல்வார்: "பயந்தவங்க தண்ணி குடிப்பாங்கம்மா. பொய் சொல்றவங்க டம்ளரைத் தொடவே மாட்டாங்க." இந்த இடம் வந்தால் போதும், மன்றமே எழுந்து நின்று அவரோடு சேர்ந்து முழங்கும். கைதட்டல், விசில்! வக்கீல் ஐயா குரல் தெருமுனை வரை கேட்கும். காலுறைக்காரரே வெட்கப்படும்படி வசனம் பேசக்கூடியவர் அவர்.

அப்படியிருக்க, அம்மாவின் பார்வை முழுதாகப் போனது. கிளினிக்கை மூடினார். சோபாவையும் டிவியையும் பலகையையும் மட்டும் எடுக்கவிடவில்லை. புதிய சுற்றுத் தொடங்கிய அன்று வக்கீல் ஐயா தயங்கித் தயங்கி எழுந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நான் சாட்சி. "எல்லாக் கதையையும் முழுசாப் பார்த்தவங்களுக்குத்தான் ஓட்டுன்னு நாமளே விதி வெச்சிருக்கோம். அம்மா தலைவரா இருக்கட்டும். காலத்துக்கும் இருக்கட்டும். ஓட்டு மட்டும்..." என்று இழுத்தார்.

எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். தொழில் போனது, பார்வை போனது. அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு ஓட்டுதான். அதையும் மரியாதையாக, மாலை போட்டுப் பறித்துக்கொள்வதா? அம்மா என்ன செய்தார்? கோபித்தாரா? கண் கலங்கினாரா? "பார்க்கிறதுன்னா என்னன்னு இந்தச் சுத்து முடியறதுக்குள்ள பேசிக்கலாம், வக்கீல் சார். அது வரைக்கும் எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. எல்லாரும் வாயை மூடுங்க" என்றார்.

நினைத்துப் பாருங்கள்! வாழ்நாள் முழுக்க "வாயைத் திறங்க, இன்னும் நல்லாத் திறங்க" என்று சொல்லிப் பிழைத்தவர், எங்களைப் பார்த்து வாயை மூடச் சொன்னார்! நோயாளிகள் கேட்டார்கள், நாங்கள் கேட்டோமா? வசனம் வரும்போதெல்லாம் உதடு துறுதுறுக்கும். அம்மா கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். அடங்கிவிடுவோம்.

'மாடிவீடு' வந்தது. சாப்பாட்டு மேசைக் காட்சி வந்தது. வக்கீல் ஐயா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார், இது பொய்யில்லை. காலுறைக்காரர் தம் வசனத்தைத் தாமே தனியாகப் பேசினார். எங்கள் மன்ற வரலாற்றில் அவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது அன்றுதான்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டோம்.

"இன்னொரு தடவை. சத்தத்தைக் கூட்டுங்க."

கூட்டினோம். "யாருக்காவது கேக்குதா?" என்றார். அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. 'பயந்தவங்க தண்ணி குடிப்பாங்கம்மா' என்று சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்கும் இடத்தில், பின்னால் எங்கேயோ, மெல்லிதாக, 'கிரீச்' என்று ஒரு சத்தம்! கதையின் தொடக்கத்திலேயே காலுறைக்காரர் மாடிப்படி ஏறும்போது ஒரு மரப்படி இதே மாதிரி கிரீச்சிடும். அவர் குனிந்து அதைப் பார்ப்பார். ஏதோ தமாஷுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அதே படி! மனைவியோ எதிரே உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் படியில் நிற்பது யார்?

வக்கீல் ஐயா லேசில் விடுவாரா? "பழைய மரம்மா. படப்பிடிப்பில தானா முனகியிருக்கும்" என்றார்.

"இருக்கலாம். எனக்குத்தான் கண்ணு தெரியாதே. உங்களுக்குத் தெரியும்ல, பார்த்துச் சொல்லுங்க. அந்தச் சத்தம் வர்றப்போ காலுறைக்காரர் கை என்ன பண்ணுது?"

பார்த்தோம். தண்ணீர் டம்ளரைத் தூக்கிய கை பாதி வழியில் நின்றது! கண் மேலே போய் வந்தது. அதற்குப் பிறகுதான் வசனத்தின் மீதியைச் சொன்னார். அந்த நிறுத்தத்தை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! நடிகர் வசனத்தை மறந்துவிட்டார் என்று கேலி செய்திருக்கிறோம்! துப்பு அங்கேதான் இருந்தது. எங்கள் கூச்சலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அந்த வசனத்தின்மேல் எங்களுக்கிருந்த ஆசையே கதையின் கழுத்தை நெரித்திருக்கிறது.

என்ன காது ஐயா அது! நமக்கும்தான் காது இருக்கிறது, என் கடைக் கண்ணாடிக் கம்பியை மாட்டிக்கொள்ள வசதியாக! இருட்டுக்குள் போன ஒருவர் அங்கே உட்கார்ந்து புலம்பாமல், வெளிச்சத்தில் இருந்த எங்களுக்குக் காட்சியைக் காட்டினாரே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வக்கீல் ஐயா எழுந்து அவர் அருகே போனார். "அம்மா, ஓட்டு விஷயமா நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். அம்மா விடவில்லை. "வாபஸ் எல்லாம் எதுக்கு? ஓட்டுக்கு விடுங்க. தோத்துட்டுப் போங்க!" என்றார். ஓட்டுக்கு விட்டோம். வக்கீல் ஐயா தனக்கு எதிராகத் தானே கை தூக்கினார்.

உடனே நாங்கள் உணர்ச்சிவசப்பட்டு, 'மாடிவீடு' கதைக்கு முதலிடம் என்று கத்தினோம். கைத்தடி ஒரு தட்டு. "முதலிடமா? கதை சுமார்தான்ப்பா. இழுவை வேற. ஆனா ஏமாத்தல. கடைசி இடத்திலிருந்து எடுத்து நடுவில வைங்க, அது போதும்." இதுவல்லவா நியாயம்! யார் என்றே தெரியாத ஒரு கதாசிரியர், பெயர்கூட நமக்குத் தெரியாத ஓர் ஒலிப்பதிவாளர், அவர்கள்மேல் நாங்கள் சுமத்திய பழியை அம்மா துடைத்தார். துடைத்த கையோடு கூடுதலாக ஒரு புகழும் சேர்க்க மறுத்தார்.

சுற்று முடிந்தது. அம்மா ஒரு கதையையும் விடவில்லை. இந்த ஞாயிறு ஓட்டெடுப்பு என்றிருந்தது. அதற்குள் போய்விட்டார். நேற்று வக்கீல் ஐயா பலகைமுன் நின்று தீர்ப்புச் சொன்னார்: "முழுசாப் பார்த்தவங்களுக்குத்தான் ஓட்டு. முழுசாப் பார்த்தது அவங்க ஒருத்தர்தான்." 'மாடிவீடு' கடைசி இடத்திலிருந்து எழுந்துவிட்டது, அம்மா! நீங்கள் சொன்னபடி நடுவில்தான் வைத்திருக்கிறோம், அதற்குமேல் ஓர் இடம்கூட உயர்த்திவிடவில்லை.

நண்பர்களே! இனி எங்கள் மன்றத்தில் எந்தக் கதையையும் முதலில் ஒருமுறை கண்ணை மூடிக் கேட்ட பிறகே பார்ப்போம். காலுறைக்காரரின் வசனத்தை அவருக்கே விட்டுவிடுவோம். இது அம்மாவின் பெயரால் நாங்கள் எடுக்கும் உறுதி.

வழக்கமாக இப்போது எழுந்து நின்று மௌனம் காப்போம். இன்று உட்கார்ந்தபடியே காக்கப் போகிறோம். வக்கீல் ஐயா விளக்கை அணைப்பார். திரையில் ஒன்றும் வராது, அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியின் ஒலி மட்டும் வரும். வசனம் தெரிந்தவர்களுக்கு உதடு துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுக்கிறது. தரையைத் தட்ட அந்தக் கைத்தடி இனி இல்லை. நாமேதான் அடங்க வேண்டும்.

கண்ணை மூடுங்கள். யாரோ படியிறங்குகிறார்கள். கேளுங்கள்.