போத்தல்களில் என் கையெழுத்து

என் கையெழுத்து வடிவானது, ஐயா. நாற்பத்தாறு வயதில் பழகிய எழுத்தென்று பார்த்தால் தெரியாது. அதனால்தான் பரிசோதனைக்கு அனுப்பும் தண்ணீர்ப் போத்தல்களில் வீட்டுக்காரர் பெயர் எழுதும் வேலையை ஜெயரூபன் தம்பி என்னிடம் தந்தார். அவர் எங்கள் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர். நான் அங்கே கிணறு வெட்டும் கூலியாள்.

கிணறுகளுக்கு உதவுவது கனடாவிலுள்ள ஊர்ச் சங்கம். முன்பொரு நிறுவனம் வெறும் படங்களைக் காட்டி அவர்களை ஏமாற்றியிருந்தது. அதனால் தண்ணீரைப் பரிசோதித்து, நல்லதென்று கடிதம் போனால்தான் அடுத்த கிணறு என்றார்கள். கேட்டதில் பிழையில்லை.

ஆறு கிணறுகள் சரிவந்தன. ஏழாவது, பண்டத்தரிப்பில் உதயகலா வீட்டுக் கிணறு. சுற்றிவர வெங்காயத் தோட்டம். உரம் இறங்கிய மண். பரிசோதனைக் கடிதத்தை வாங்கிவந்தவனும் நான்தான். பஸ்சில் இருந்தபடி எழுத்துக்கூட்டி வாசித்து, மடித்து வைத்துக்கொண்டேன். முதல் போத்தல் உடைந்துவிட்டதென்று தம்பியிடம் சொன்னேன். கோயில் கிணற்றில் வேறு போத்தல் நிரப்பி, உதயகலாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது கடிதம் நல்லதாக வந்தது.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு கிணறு பிழையென்று வந்தால் கனடாக்காரருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். இன்னும் பதினான்கு வீடுகள் காத்திருந்தன. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற ஒருவராவது வேண்டும்.

கையளிப்பு நாளன்று கனடாச் சங்கத்து இளையதம்பி அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு செம்பு குடித்துவிட்டுச் சிரித்தார். "உங்கடை கடிதத்தைக் கண்ணாடி போட்டுக் கொழுவி வைக்கப்போறன். இப்பிடி ஒழுங்கா ஆர் அனுப்பினவை?"

உதயகலா குழந்தையோடு ஒதுங்கி நின்றாள். பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்து, குழந்தைக்கு ஆரபி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அண்ணை, இதிலை பால்மா கரைச்சுக் குடுக்கலாமோ? கொதிக்க வைச்சுத்தான் குடுப்பன்."

"ஓம் பிள்ளை. கடிதம் வந்திட்டுதெல்லே. பயப்பிடாமல் குடு."

மூன்று கிழமையில் குழந்தையின் உதடும் நகமும் நீலமாகின. ஆசுபத்திரியில் இறந்தது. பிறகுதான் அந்தக் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் எடுத்துப் பரிசோதித்தீர்கள். முதல் கடிதத்தையும் என் பெட்டியிலிருந்து எடுத்தீர்கள்.

ஜெயரூபன் தம்பி எனக்கு நல்லது நினைத்துத்தான் உங்களிடம் கதைத்தார். "உவர் பேரைப் பார்த்து எழுதுவார், அவ்வளவுதான். கடிதம் வாசிக்கத் தெரியாத மனிசன்."

வாக்குமூலத்தில் அப்படி எழுத வேண்டாம், ஐயா. கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, கொதிக்க வைத்தாலும் உரத்தின் நஞ்சு போகாது என்று அந்த முதல் கடிதத்தில் இருந்தது. கைக்குழந்தை என்ற இடத்தில் மட்டும் தடக்கினேன். அதனால் இரண்டாம் தரமும் வாசித்தேன்.

பிழையில்லாமல் வாசித்தேன்.