கேமரா பக்கம் பாருங்க

கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் காலை ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே கல்யாண ஏற்பாட்டு நிறுவனத்தின் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள்.

"அக்கா, எங்கப்பா சாவுல நான் எல்லாரையும் கேமராவைப் பாக்கச் சொல்லிட்டேன்" என்றாள் இளையவள்.

படித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன்.

"எந்த கேமரா?"

"கேமராவே இல்லக்கா. வாய்க்கரிசி போட வரிசையா வந்தாங்க. கல்யாணத்துல அட்சதை போட வர்ற மாதிரியே இருந்துச்சு. 'ஒவ்வொருத்தரா வாங்க, கேமரா பக்கம் பாருங்க'ன்னு வாய்ல வந்துருச்சு."

"யாராச்சும் ஏசுனாங்களா?"

"இல்ல. அம்மா மட்டும் திரும்பிப் பாத்தாங்க. கேமராவைத் தேடுனாங்க."

"நீ அழுதியா?"

"அதான் வரல. மறுநாளே ரெண்டு ரிசப்ஷன்."

"பாஸ்கிட்ட லீவு கேளு லா."

"கேட்டேன். சீசன் முடியட்டும்னாரு."

அவள் போன் அடித்தது. "எடுக்காத" என்று அக்கா கையைப் பிடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கமா! சரிங்கமா! கண்டிப்பா செஞ்சிரலாம்மா!"

குரல் அப்படி இனித்தது. முகம் அசையவே இல்லை.

பேசி முடித்தவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இப்ப பேசுனது யாரு? நான் எதுக்குச் சரின்னேன்?"

அக்கா போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டார். "அடுத்த ஸ்டேஷன் சுபாங்ல இறங்குறோம். கிளினிக் போறோம்."

"இன்னிக்கு ஹால் செட்டப் இருக்கேக்கா."

"இருக்கட்டும்."

பைக்குள் போன் மறுபடி அடித்தது. அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தப் பையைப் பார்த்து, அதே இனிமையோடு, "சொல்லுங்கமா" என்றாள்.