படுக்கையை விட்டு எழுந்த வார்டு

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே வாய்த்த தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே! எத்தனையோ பிரசவங்களுக்குத் துணைநின்று ஓய்வுபெற்ற செவிலியப் பெருமக்களே! மடியில் மழலையும் மனத்தில் மகிழ்ச்சியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமலும் நகராமல் நிற்கும் நண்பர்களே! அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

தலைவரைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டத்தான் போகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவை இந்த மருத்துவமனையிலேயே அதிகமாகத் திட்டியவர் இவர்தான்! சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரித்தாரா என்று கேளுங்கள்!

எந்தக் கூட்டமானாலும் எழுந்து நிற்பார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுப்பா. மொதல்ல அந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க. அப்புறம் உங்க கணக்கைப் பாருங்க" என்பார். தாய்மார்கள் 'பெரிய டாக்டரம்மா' என்று அழைக்கும் இவர் கையில் பிறந்த பிள்ளைகள் எத்தனை எத்தனை! இவரை எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் ஏது?

ஆயினும் ஒரு கேள்வி எங்களை அரித்தது. குறைமாதத்தில் பிள்ளையை இழந்தவள் மீண்டும் கருவுற்றால் அந்நாளில் என்ன செய்தோம்? படுக்க வைத்தோம். உண்ணவும் படுக்கை, உடம்பு துடைக்கவும் படுக்கை, வாரக்கணக்கில் கூரையைப் பார்த்தபடி படுக்கை! படுத்தால் பிள்ளை தங்கும் என்று நம்பினோம். நம்பினோமே தவிர, ஒப்பிட்டுப் பார்த்தோமா?

"விரும்புகிறவர்கள் மட்டும் சேரட்டும். பாதிப் பேர் படுக்கட்டும், பாதிப் பேர் நடமாடட்டும். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு சொல்லட்டும்" என்றோம். கொதித்தெழுந்தார் அம்மா.

"தாயையும் பிள்ளையையும் வச்சு சீட்டுக் குலுக்குவீங்களா? ஒரு உயிர் போனா யாருய்யா பதில் சொல்றது?"

நியாயமான கேள்வியா? நூற்றுக்கு நூறு நியாயம்! மறுப்பறிக்கை விடவில்லை நாங்கள். எங்கள் புள்ளியியல் நண்பர், 'கணக்கர்' என்று நாங்கள் அழைப்பவர், நேரே இவருடைய அறைக்குப் போனார்.

"அம்மா, பாதுகாப்புக் குழுவுக்கு நீங்களே தலைவரா இருங்க. ரெண்டு பக்க விவரமும் உங்ககிட்ட மட்டும்தான் வரும். ஆபத்துன்னு தோணிச்சுன்னா உடனே நிறுத்துங்க."

"நான் நிறுத்திருவேன். தெரியும்ல?"

"தெரிஞ்சுதாம்மா கூப்பிடுறோம்."

வந்தார். சோதனை தொடங்கியது. முன்பு பிள்ளையை இழந்திருந்த தையற்காரப் பெண் ஒருத்தி விரும்பிச் சேர்ந்தாள். நடமாடும் பக்கம் சீட்டு விழுந்ததும் உடைந்து அழுதாள். "ஏதாவது ஆயிட்டா எங்க அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள். பக்கத்தில் நின்ற மாமியார் அவள் கையைப் பிடித்தார். "வேணாம்னா இப்பவே சொல்லிருவோம். நடக்குறதுன்னா நானும் கூட வரேன். என்ன ஆனாலும் உன்ன ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்." தாய்மார்களே, இப்படி ஒரு மாமியார் வாய்த்தால் வேறு மருந்தும் வேண்டுமா? அங்கே பின்வரிசையில் கைதட்டுவது மருமகள்கள்தானே!

இருவரும் தாழ்வாரத்தில் கைகோத்து நடந்தார்கள். ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. அதே வாரத்தில் நடமாடும் பக்கத்தில் வேறு சிலருக்குக் குறைப்பிரசவமே ஆகிவிட்டது. மருத்துவமனை முழுக்க முணுமுணுப்பு. டாக்டரம்மா இரு பக்க விவரங்களையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வெளியே நாங்கள், தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடந்தபடி!

கதவு திறந்தது. "தொடருங்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை, சோதனை முடியும்வரை சொல்லவும் கூடாது.

படுத்திருந்தவர்களிலும் அதே வாரத்தில் அதே அளவு பேருக்குப் பிள்ளை முன்கூட்டியே பிறந்திருந்தது என்பது சோதனை முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். முடிவு என்ன? படுத்ததால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. படுத்த தாய்மாருக்கோ கால் தளர்ந்தது. சிலருக்குக் காலில் ரத்தம் உறைந்தது.

முடிவைப் படித்ததும் தலைவர் எழுந்தார். விறுவிறுவென்று வார்டுக்குள் போனார். "எல்லாரும் மெதுவா எழுந்திரிங்கம்மா. ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க. வெளியில வெயில் நல்லா இருக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள், ஒருத்தி தலை சீவக் கண்ணாடி கேட்டாள்!

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்பாடா" என்றார். "எழுந்திரின்னு சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா? பயந்துதான்யா படுக்க வச்சேன்."

எதிர்த்தவரின் நெஞ்சில் இருந்ததும் எங்கள் நெஞ்சில் இருந்த அதே அச்சம்தான். அன்று இரு நெஞ்சின் பாரமும் ஒன்றாக இறங்கியது.

ஆம், அந்தத் தையற்காரப் பெண்? வலி அடங்கியது, மாதம் நிறைந்தது, மகள் பிறந்தாள். மேடைப் படியில் ஏறி ஒலிபெருக்கிக் கம்பியை இழுக்கிறாளே, அவள்தான்! தடுக்காதீர்கள், ஓடட்டும்!

சான்று பார்த்து மருத்துவம் செய்வோர் மனிதரை மறந்தோர் என்று இன்றும் சொல்கிறார்கள். சொல்லுங்கள்! எட்ட நின்று சொல்லாமல் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்வது சரியென்றால் நாங்கள் திருந்துவோம். நாங்கள் சொல்வது சரியென்றால் நோயாளி எழுவார். யார் வென்றாலும் பிழைப்பது ஓர் உயிர் அல்லவா!

தலைவர் மணியைத் தொடுகிறார். நேற்றுகூட, "உங்க அடுத்த ஆராய்ச்சியில ஓட்டை இருக்கு" என்றார். அம்மா, இருப்பதையெல்லாம் காட்டுங்கள்! உங்கள் கோபம் எங்களுக்குக் காவல்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, மழலைகளுக்கு முத்தம், தாய்மார்களுக்கு வணக்கம். எல்லோரும் நலமாய் வீடு சேருங்கள்!