பேருக்கு ஒரு காண்ட்ராக்டர்

டில்லிபாபு: ...இந்த ஏஐ இன்னும் யோசிச்சிகினே கீது மாமே. சுத்துது பாரு.

கஜபதி: நீ இன்னா கேட்ட அதுக்கிட்ட?

டில்லிபாபு: நீ சொன்னத அப்படியே தட்டினேன். அம்பத்தூர்ல தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கம்பெனி. ஒரு காண்ட்ராக்டரு வேலைக்கு ஆளு அனுப்புறான். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒப்பந்தம் எழுதிக் குடுன்னு...

கஜபதி: சின்னசாமி பேர சொல்லிட்டியா?

டில்லிபாபு: இல்லப்பா.

கஜபதி: நேத்து நம்ம பிரஸ்ல அவன் கை போனத?

டில்லிபாபு: மூச்சு வுடல.

கஜபதி: நடந்தத சொன்னா அந்த ஏஐ எழுதித் தராது. இனிமே நடந்தா இன்னா செய்யறதுன்னு கேக்குறாப்பல கேளு. ஆடி மாசமே வாங்குன ஸ்டாம்ப் பேப்பர் ஒண்ணு பீரோல கீது. அந்தத் தேதியவே போட்டுக்கலாம்.

டில்லிபாபு: கில்லாடி மாமே நீ. ஒரே பட்டறையில ஒண்ணா வேல கத்துகினோம். நீ ஓனரு ஆயிட்ட, நான் இன்னும் உன் சூப்பர்வைசரு. ஏன்னு இப்பதான் புரியுது... ஆங், வந்துருச்சு. யப்பா, எத்தினி பக்கம். வக்கீலுங்க பொழப்புல மண்ணுதான்.

கஜபதி: படி.

டில்லிபாபு: "ஆட்களை அனுப்பும் ஒப்பந்ததாரரே அவர்களின் முதலாளி. சம்பளம், இஎஸ்ஐ, காப்பீடு அனைத்தும் அவர் பொறுப்பு"... இஎஸ்ஐ நாமதானே கட்டல?

கஜபதி: நாமன்னு சொல்லாத. மேல படி.

டில்லிபாபு: "வேலையின்போது காயம் ஏற்பட்டால்"... மாமே, காத்தால ஆஸ்பத்திரிக்கு போயிருந்தேன்.

கஜபதி: போயி?

டில்லிபாபு: மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. அவன் பொண்டாட்டி ரேணுகா... அது அழுதா கூட தாங்கிக்குவேன். கம்முனு குந்திகினு என் மூஞ்சியவே பாக்குது. நான்தானே வேப்பம்பட்டுல இருந்து அவன இட்டாந்து வுட்டேன்.

கஜபதி: தெரியும்.

டில்லிபாபு: இதுல கையெழுத்து ஆயிட்டா அந்த காண்ட்ராக்டரு ரேணுகாவுக்கு துட்டு குடுத்துதான ஆவணும்?

கஜபதி: குடுத்துதான் ஆவணும்.

டில்லிபாபு: சத்தியமா?

கஜபதி: அதுக்குதான்டா எழுதுறோம்.

டில்லிபாபு: யாரு மாமே அவன்? நடந்து முடிஞ்சதுக்கு தலைய குடுக்க எவன் ஒத்துகினான்?

கஜபதி: ஒத்துக்குவான். அவனுக்கு வேற வழி இல்ல. பேரு அப்பால சொல்றேன், நீ படி.

டில்லிபாபு: கீழ ஒண்ணு சொல்லுது பாரு. "இப்படி எழுதினாலும் சட்டப்படி கம்பெனி முழுமையாகத் தப்ப முடியாது. கையெழுத்திடும் முன் இரு தரப்பும் வக்கீலைப் பார்ப்பது நல்லது."

கஜபதி: அத்த அழி.

டில்லிபாபு: நல்லதுதானே சொல்லுது?

கஜபதி: நல்லது சொல்றதுக்கா அத்த கூப்ட்டோம்? அழி. கம்பெனி குடுக்கறாப்பல ஆச்சுன்னா, அந்த துட்ட காண்ட்ராக்டருகிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு சேக்க சொல்லு.

டில்லிபாபு: இரு... சேத்துருச்சு. ஏன் மாமே, என்னாண்ட ஒண்ணும் இல்லன்னு அவன் சொல்லிட்டா?

கஜபதி: நீயே சொல்லு. இன்னா பண்ணலாம்?

டில்லிபாபு: ஊட்ட ஜப்தி பண்ணலாம்னு போடுவோம்.

கஜபதி: ...போடு.

டில்லிபாபு: இங்க ஒருத்தன் கைய குடுத்துட்டு படுத்துக்கீறான். அவன் மட்டும் ஏசி போட்டு தூங்குவானா? பொண்டாட்டி நகையும் சேக்கவா?

கஜபதி: ஊடு போதும்.

டில்லிபாபு: ரொம்ப எரக்கம்தான் உனுக்கு. ம்... திருப்பி கேள்வி கேக்குது. "மிஷினின் பாதுகாப்பு சென்சார் இயங்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டியது யார்?"

கஜபதி: காண்ட்ராக்டருன்னு போடு.

டில்லிபாபு: ஆனா அத்த...

கஜபதி: ஆனா இன்னா?

டில்லிபாபு: கழட்டுனது நான்தானே? சென்சாரு மிஷின நிறுத்தி நிறுத்தி பீஸ் கம்மியா எறங்குது, கழட்டி வையின்னு நீ சொன்ன... நானும் கழட்டுனேன்.

கஜபதி: கேமராவுல நீ ஸ்பேனரோட நிக்கிறது நல்லா தெரியுது. நான் சொன்னது அதுல கேக்காது.

டில்லிபாபு: இன்னா மாமே... மெரட்டுறாப்பல கீது.

கஜபதி: கீறத சொல்றேன்.

டில்லிபாபு: ...சரி, காண்ட்ராக்டருன்னே போட்டுட்டேன். முடிஞ்சுது. மூணு எடம் மட்டும் காலியா வுட்டுக்கீது. அவன் பேரு, அப்பா பேரு, விலாசம்.

கஜபதி: ஆளு ஒண்ணுக்கு தெனம் முப்பது ரூபா புடிக்கிற இல்ல?

டில்லிபாபு: ...யாரு?

கஜபதி: நீ. உன் வேப்பம்பட்டு ஆளுங்ககிட்ட. சின்னசாமிகிட்டயும்.

டில்லிபாபு: அது... டீ செலவுக்குன்னு அவங்களா குடுக்கறது... எவன் சொன்னான்?

கஜபதி: சின்னசாமிதான். வேலைக்கு சேந்த வாரமே வந்து சொன்னான். நம்ம டில்லி ஆச்சேன்னு நான் கண்டுக்கல.

டில்லிபாபு: அத்த ஏன் இப்ப எடுக்குற?

கஜபதி: ஆள இட்டாந்து வுட்டு, தலைக்கு இவ்ளோன்னு வாங்குறவனுக்கு பேரு இன்னா? விலாசம் போடு. அயனம்பாக்கம், ஏரிக்கர தெரு...

டில்லிபாபு: கஜா. அது என் ஊடு.

கஜபதி: ம்.

டில்லிபாபு: பொண்ணு பன்னண்டாவது படிக்குதுடா. அந்த ஊட்ட வுட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உனுக்கு தெரியும்.

கஜபதி: நீ கையெழுத்து போட்டா இது கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் கணக்கு. போடலன்னா கேமராவ ஸ்டேஷன்ல குடுக்கணும். ஜெயிலா ஊடான்னு நீயே பாத்துக்க.

டில்லிபாபு: ரேணுகா மூஞ்சிய பாத்துட்டு வந்தேன்னு சொன்னேனே... அப்பவே நீ...

கஜபதி: அந்தப் பொண்ணுக்கு குடுத்துதான் ஆவணும்னு நீதான கேட்ட? இத்தினி வருசமா பழகுறோம், உங்க நைனா பேரு மட்டும் எனக்கு தெரியாது மாமே. இன்னா பேரு, சொல்லு.