ஊறுகாய் பங்களாவில் கைதட்டல்

எனக்கு ஊறுகாய் பிடிக்காது மேடம். ரத்தக் கொதிப்பு வந்த பிறகுதான் என்றில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படி. தயிர்ச்சோற்றுக்கு ஒரு அப்பளம் இருந்தால் போதும். இருந்தாலும் கடப்பாக்கத்து ஊறுகாய் பங்களாவைப் பற்றிப் பேச என்னை விட்டால் இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. அதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

என் பெயர் சதாசிவம். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அணு என்றதும் எல்லோரும் பயபக்தியோடு பார்ப்பார்கள். நான் அங்கே ஸ்டோர்ஸில் இருந்தேன். திருகாணி, வாஷர், பைப் எல்லாம் என் பொறுப்பு. வாஷரைப் பற்றி யாரிடமும் சுவாரசியமாகப் பேச முடியாது. வீட்டிலும் என் பேச்சுக்கு மவுசு இல்லை. நான் வாயைத் திறந்தால் என் மனைவி கல்யாணி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். நான் ஓய்வு பெற்றதும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். அந்தக் குழந்தை இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறது. கல்யாணி இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இந்த பங்களாவைப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் துரைக்கண்ணு என்பவர் கிளிஞ்சல் மார்க் மாங்காய் ஊறுகாய் விற்றுக் கட்டியது. ரங்கூனுக்குக் கப்பலில் போன ஊறுகாய். வந்த லாபத்தில் கடலைப் பார்த்து இரண்டு மாடி எழுப்பினார். மற்ற பணக்காரர் வீட்டு முகப்பில் இரண்டு யானைகள் லட்சுமியை நீராட்டும். இங்கே இரண்டு ஊறுகாய் ஜாடிகள் நீராட்டுகின்றன. ஜாடியிலிருந்து வருவது எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். லட்சுமியின் முகத்தில் காரம் பட்ட மாதிரி ஒரு சுளிப்பு உண்டு.

அன்று வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்தச் சுளிப்பைக் காட்டினேன். சிரித்தார்கள். இன்னும் சொல்லுங்கள் சார் என்றார்கள். மேடம், என்னிடம் யாரும் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் தெய்வநாயகி. துரைக்கண்ணுவின் பேத்தி, எழுபது தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்று, பங்களாவின் பின்கட்டில் இரண்டு அறைகளில் தனியாக இருந்தார். எந்நேரமும் நைட்டி, தோளில் துண்டு, கையில் போன், போனில் சீரியல். சனி ஞாயிறுகளில் மக்களை உள்ளே விட்டு, அந்த டிக்கெட் காசில் ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டார். நான் இலவசமாகச் சுற்றிக்காட்டுகிறேன் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார்.

"பேசிகினு போ சாரே, எனுக்கு முட்டி வலி" என்றார்.

பேசினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கதை உண்டாயிற்று. துரைக்கண்ணுவின் கனவில் அம்மன் வந்து ஊறுகாய்ப் பக்குவம் சொன்னாள். கூடத்துத் தூண்கள் பர்மா தேக்கு. கவர்னர் ஒருவர் இங்கே விருந்துண்டு, ஊறுகாயைச் சுவைத்து, ஆனந்தத்தில் கண் கலங்கினார். இதெல்லாம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடக்கவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வெறும் சுவரைப் பார்க்க யாரும் சென்னையிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வர மாட்டார்கள்.

தெய்வநாயகிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கதை நல்ல கட்டத்துக்கு வரும்போது பின்கட்டிலிருந்து குரல் கொடுப்பார். ஆப்பரேட்டர் குரல், காரைக்கால் லைன் வரைக்கும் தெளிவாகக் கேட்கிற குரல்.

"இன்னா சாரே, இன்னிக்கும் பர்மா தேக்கா? அது பனைமரம்யா, வார்னிஷ் அடிச்சிகீது" என்பார்.

கவர்னர் விஷயத்தில் அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு கல்லூரிக் கூட்டம் வந்திருந்தது. கவர்னர் கண் கலங்குகிற இடத்தில் நான் குரலைத் தாழ்த்துவது வழக்கம். அந்த அமைதியில் தெய்வநாயகி சொன்னார்:

"கவர்னரும் இல்ல, கழுதையும் இல்ல. தாசில்தார்தான் வந்தாரு. எங்க தாத்தா ஊறுகாயத் துன்னுட்டு, அச்சரப்பாக்கம் போய்ச் சேர்ற வரிக்கும் வண்டிய நிறுத்தி நிறுத்தி எறங்கினாராம்."

அந்தப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். என் கதைக்கு அப்படி யாரும் சிரித்ததில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது என்று எழுத வேண்டாம். வருத்தம் என்று எழுதுங்கள்.

பிறகு அன்பரசி வந்தார். அச்சரப்பாக்கத்தில் ஒரு வங்கியில் அதிகாரி. தெய்வநாயகி பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில் பேச்சு வளர்ந்திருக்கிறது. அன்பரசியின் கொள்ளுப்பாட்டி செங்கம்மாள், துரைக்கண்ணுவின் நிலத்தில் கூலிக்கு இருந்தவர். துரைக்கண்ணு முதலில் போட்ட ஊறுகாய் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிற்றாம். செங்கம்மாள்தான் மாங்காயை உப்பில் எப்படிப் போட வேண்டும், எத்தனை வெயில் காட்ட வேண்டும், வெந்தயத்தை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாராம். இது தெய்வநாயகிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, யாரும் வெளியே சொல்லாத விஷயம்.

"அந்தம்மா கை ஊறுகாய் கப்பலேறிச்சு. அந்தம்மா கடைசி வரிக்கும் இந்த வூட்டுப் பின்வாசலத் தாண்டல" என்றார் என்னிடம். "ஞாயித்துக்கெழம அன்பரசி வரா. செங்கம்மா போட்டோவப் பெருசு பண்ணி எட்துகினு வரா. தாத்தா படத்த எறக்கிட்டு அங்க மாட்டப்போறேன். இனிமே ஞாயித்துக்கெழம அவ பேசட்டும் சாரே, நீ சனிக்கெழம பேசு."

ஞாயிறுதான் கூட்டம் அதிகம். அது அவருக்குத் தெரியும்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கூடத்துக்குப் பின்னால் படியிறங்கினால் ஜாடி ரூம். தரைக்குக் கீழே, பழைய ஊறுகாய் ஜாடிகள் வைத்திருக்கிற அறை. ஜன்னல் கிடையாது. காற்றுக்காகக் கூடத்துத் தரையில் ஒரு இரும்புச் சல்லடை உண்டு, அவ்வளவுதான். கனத்த கதவு, வெளியே தாழ்ப்பாள். காலையில் தெய்வநாயகி அங்கே இறங்கிப் போனார். அன்பரசிக்குக் கொடுக்க நல்ல ஜாடியாக ஒன்று தேடினார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வருகிறவர்கள் உள்ளே போய் ஜாடிகளை உடைத்துவிடக்கூடாதென்று எப்போதும் தாழ் போடுவேன். பழக்கம்.

அவர் போன் பின்கட்டில் சார்ஜில் கிடந்தது. சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்தேன்.

முதலில் வந்தது சென்னையிலிருந்து ஒரு ஐடி கம்பெனிக் கூட்டம். முகப்பு லட்சுமியிடம் எல்லாம் நன்றாகப் போயிற்று. கூடத்துக்குள் வந்ததும் கீழிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அலை வேகமாக அடிக்கும்போது இந்த வீட்டின் அஸ்திவாரம் வரை கேட்கும் என்றேன். அப்படியே ஒரு நொடியில் தோன்றியது. எல்லோரும் குனிந்து தரையில் காது வைத்துக் கேட்டார்கள். ஒருவர் புல்லரிக்குது சார் என்றார்.

தூண்களுக்கு வந்தேன். பர்மா என்றதும் சல்லடை வழியாகக் குரல் வந்தது.

"பனைமரம்யா."

மூச்சு இரைத்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்குச் சர்க்கரையும் இளைப்பும் உண்டு. அடைபட்டுக்கிடக்கிற நிலையிலும் என்னைத் திருத்தினார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஜெஸ்ஸி என்று ஒரு பெண், "சார், கீழ யாரோ பேசற மாதிரி இருக்கே" என்றாள்.

இந்தக் கூடத்தின் எதிரொலி விசேஷமானது, எல்லோரும் சேர்ந்து கைதட்டிப் பாருங்கள் என்றேன். தட்டினார்கள். இன்னும் பலமாக என்றேன். அந்தச் சத்தம் மேல்மாடம் வரை போய்த் திரும்பி வந்தது. நான் நடுவில் நின்றிருந்தேன். அன்று கவர்னர் கதையை யாரும் கெடுக்கவில்லை. இரண்டு பேருக்குக் கண் கலங்கியது.

அவர்கள் போனதும் பின்கட்டிலிருந்து ஜமக்காளத்தை எடுத்துவந்து நாலாக மடித்துச் சல்லடை மேல் போட்டேன். சத்தத்துக்காகத்தான். காற்று விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

இல்லை, தோன்றியது. நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை மேடம், நானே சொல்கிறேன்.

பிற்பகல் இன்னும் இரண்டு கூட்டம் வந்தது. இரண்டுக்கும் கைதட்டச் சொன்னேன், சத்தம் ஒன்றும் இல்லாதபோதும். நன்றாக இருந்தது.

வெயில் தாழ்ந்து எல்லோரும் போன பிறகு கதவைத் திறந்தேன். சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. ஜாடிகளுக்கு நடுவே தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நைட்டி நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வைவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போனேன்.

"தண்ணி குடு சாரே" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "முழுசாக் கேட்டுகினுதான் இருந்தேன். பொய்யின்னாலும் நல்லாத்தான்யா சொல்ற. உன்னாட்டம் சொல்ல எனுக்கு வராது. அன்பரசிக்கும் வராது, பாவம், பேங்குக்காரி" என்றார். "நாளைக்கி அவுளுக்குச் சொல்லிக் குடு. செங்கம்மா கதைய நீ சொன்னா ஜனம் அழும்."

தாழ் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவு தானாக மாட்டிக்கொண்டது என்று நினைத்தாரா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. என்னைப் பாராட்டினார், அது மட்டும் நிச்சயம். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றேன். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை ஜமக்காளத்தை எடுத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. வாசலில் பராமரிப்புப் பணி, இன்று அனுமதி இல்லை என்று பலகை மாட்டினேன். ஒரு ஞாயிற்றை இழப்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அன்பரசி பதினொரு மணி வாக்கில் கேட்டைத் தாண்டி நடந்து வந்தார். கையில் ஒரு கைப்பை மட்டும். தெய்வநாயகி அம்மா எங்கே சார் என்றார். செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார், அதுவரை சுற்றிக்காட்டச் சொன்னார் என்றேன். தெய்வநாயகி கேட்டுக்கொண்டபடி செங்கம்மாள் கதையைச் சொன்னேன். வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. முதல் கப்பல் புறப்பட்ட அன்று துரைக்கண்ணு இந்தக் கூடத்தின் நடுவே செங்கம்மாளை மணையில் உட்காரவைத்து, தன் கையாலேயே தங்கக் காப்பு போட்டார் என்றேன்.

அன்பரசி அழவில்லை. தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி எதுவும் நடக்கல சார்" என்றார் மெதுவாக. "செங்கம்மா ஆயா சாகற வரைக்கும் களையெடுத்துகினுதான் இருந்தாங்க. காது தோட்டக்கூட வித்துதான் எங்க தாத்தாவப் படிக்கவச்சாங்க. நீங்க நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா எங்க கதைய நானே சொல்லிக்கறேன் சார். இந்தத் தூணு பனைமரம்தானே?"

ஜாடி ரூமைப் பார்க்கிறீர்களா அம்மா, உங்கள் கொள்ளுப்பாட்டி கை பட்ட ஜாடிகள் அங்கேதான் இருக்கின்றன என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. முன்னால் இறங்கினார். தாழை நான் விலக்கினேன். இருட்டாக இருந்ததால் போனில் லைட் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். அப்போது மேலே கூடத்தில் செருப்புச் சத்தம்.

"அன்பு, எங்க கீற? போட்டோவ எங்க வைக்கிறது?"

அவர் கணவர் ரஞ்சித்குமார். பெரிய சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு படிக்கட்டுத் தலைப்பில் நின்றார். அன்பரசி லைட்டை உள்ளே திருப்பியது அதே நேரத்தில்தான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ரஞ்சித்குமார் என்னை அடிக்கவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டார். தெய்வநாயகியை இருவருமாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். உயிர் போய் வெகு நேரமாகியிருந்தது என்று டாக்டர் சொன்னாராம்.

உங்கள் ஏட்டு எழுதியதைப் படித்துக் காட்டினார். கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு வரியில்தான் எனக்கு ஆட்சேபம். மனசாட்சி உறுத்தியதால் நானே அன்பரசியை அழைத்துச்சென்று கதவைத் திறந்து காட்டினேன் என்று எழுதியிருக்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, கோர்ட்டிலும் எனக்கு உதவும் என்று வக்கீல் சொல்கிறார். ஆனால் நான் சொல்லாத ஒன்றை யாரோ ஜோடித்து என் பெயரில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

ரஞ்சித்குமார் ரோட்டோரம் காரை நிறுத்திக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அன்பரசி தனியாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.